மூன்றாம் பாகம் வரை படித்த ராஜதந்திரி

எந்தத் தேசப்படத்திலும் இல்லாத ஒரு நாட்டுக்கு விசுவாசமாக இருக்கப்போய், ஆரணியில் என் சொந்த அக்காவின் கல்யாணத்தை நான் ஒருமுறை நிறுத்தப் பார்த்தேன். வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதுவும் வருஷத்துக்கு வருஷம் என்னை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கிச் சொல்கிறார்கள். நடந்த அளவு முட்டாள்தனத்தோடு நானே எழுதிவைத்துவிடுவது பாதுகாப்பு என்று தோன்றுகிறது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தொரு வயது. பி.ஏ. சரித்திரம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ('இருந்தேன்' என்பது மரியாதையான சொல். அப்பா அதற்கு வேறு சொற்கள் வைத்திருந்தார்.) அப்பாவுக்கு வீட்டுக் கூடத்திலேயே இரண்டு தறி. ஒன்றில் அவர் நெய்தார், இன்னொன்றில் அம்மா. அக்கா கஸ்தூரி இருவருக்கும் நூல் சுற்றினாள். நான் மூவருக்கும் இடைஞ்சலாக மூலையில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன்.

புத்தகங்கள் வந்தது கன்னியப்பனின் சைக்கிள் கடையிலிருந்து. கடையில் பாதி சைக்கிள், பாதி புத்தகம், இரண்டும் வாடகைக்கு. பஞ்சர் ஒட்டிய கையாலேயே அவரும் படிப்பார். கதை எந்த இடத்தில் சூடு பிடிக்கிறது என்பதைப் பக்க ஓரத்தின் கறுப்பை வைத்தே சொல்லிவிடலாம். ஒருநாள் அவர் ஒரு தடித்த புத்தகத்தின் முதல் பாகத்தை எடுத்து என் முன்னால் போட்டார்.

"அஞ்சு பாகம் தம்பி. யாராலயும் முடிக்க முடியல. நீ சும்மாதான கீற, படி."

அந்தப் புத்தகத்தின் பெயர் இங்கே வேண்டாம். அதன்மேல் தவறில்லை. கற்பனையான மூன்று ராஜ்யங்கள், வானத்தில் இரண்டு நிலா, பேசும் கழுகு, பேசாத ராணி. (இரண்டு நிலா சமாச்சாரத்தை அப்பாவிடம் சொன்னபோது அவர் தறியில் ஓடும் நாடாவை நிறுத்திவிட்டு யோசித்தார். "அப்ப மாசத்துக்கு ரெண்டு அமாவாசையா? தறிக்காரன் பொழைக்கவா?" என்றார். எங்கள் பக்கம் அமாவாசையன்று தறி மிதிக்க மாட்டார்கள்.) மூன்று ராஜ்யமும் ஒரே சிம்மாசனத்துக்காக ஒன்றையொன்று கவிழ்த்துக்கொண்டே இருந்தன. மொத்தப் பாத்திரங்கள் நான் எண்ணியவரை நூற்றுப் பன்னிரண்டு பேர். நல்லவர்கள் என்று நான் நம்பிய பதினோரு பேரும் முதல் பாகம் முடிவதற்குள் யாருக்காவது விஷம் வைத்துவிட்டார்கள்.

யார் யாருக்கு என்ன உறவு என்பது மறந்துபோகாமல் இருக்க, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டேன். சந்தேகத்துக்குரியவர்களுக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு. இரண்டாம் பாகம் முடிவதற்குள் காலண்டர் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. கோடு இல்லாமல் மிஞ்சியவர் ஒற்றைக்கண் மந்திரி ஒருவர்தான். அவர் எவனையும் நம்பமாட்டார். சிரித்துக்கொண்டு வருபவனை முதலில் சந்தேகப்படு, காரணமில்லாமல் சோறு போடுபவளை இரண்டாவதாகச் சந்தேகப்படு என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சியில் சேர்ந்தேன்.

பால்காரர் ஐந்து நிமிஷம் முன்னதாக வந்தால், ஏன் என்று யோசித்தேன். கேட்காமலே அம்மா இரண்டாவது டம்ளர் காபி கொடுத்தால், இவளுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேன். (மாவு அரைத்துக்கொண்டு வரவேண்டும். என் சந்தேகங்கள் எல்லாமே பொய்யில்லை.)

மூன்றாம் பாகத்தின் கடைசியில் எதிரிப்படை நெருங்குகிறது. கோட்டைக்குள் போகும் சுரங்கப் பாதையின் வரைபடம் எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது. ஒற்றைக்கண் மந்திரி அந்த வரைபடத்தை நாலாகக் கிழித்து, குறியீடுகளை அழித்து, நாலு இடத்தில் ஒளித்துவைக்கிறார். பாகம் முடிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடிப்போய்க் கன்னியப்பனிடம் நான்காம் பாகம் கேட்டேன்.

"அது வெளிய போயி ஒரு மாசம் ஆவுது தம்பி. கண்ணமங்கலத்துக்காரரு ஒர்த்தரு எட்த்துகினு போனாரு. மூணு தபா சொல்லி அனுப்பிட்டேன். படிச்சிகினு கீறேன்றாரு."

ஒரு புத்தகத்தை ஒருவன் ஒரு மாதமா படிப்பான்? இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் அக்காவுக்கு வரன் வந்தது. அதற்கு முன் வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தன. ஒன்று ஜாதகத்தால், மற்றொன்று எதனால் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. இதுவும் போனால் ஊர் வேறு மாதிரி பேசும் என்று அம்மா பயந்தாள். மாப்பிள்ளை ராஜவேலு, கண்ணமங்கலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் போட்டோ வந்த மறுநாளே காணாமல் போனது. ஒரு வாரம் கழித்து என் பி.ஏ. சரித்திரப் புத்தகத்துக்குள் அது கிடைத்தது. நான் சரித்திரத்தைத் திறக்கமாட்டேன் என்று அக்கா கணக்குப் போட்டிருந்தாள். இந்த இடம் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் யோசித்ததோ, நான் அன்றைக்கு ஏன் சரித்திரத்தைத் திறந்தேன், என்னை யாராவது திறக்க வைத்தார்களா என்றுதான்.

பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன் தாண்டவராயன். அந்தத் தாய்மாமனும் நெசவுக்காரர். காபி வருவதற்குள் எழுந்து அப்பாவின் தறியிடம் போய்விட்டார்.

அந்தத் தறி பழைய போர்வையால் மூடியிருந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பெண் புகுந்த வீட்டுக்குப் புறப்படும்போது கட்டும் புடவை அப்பன் தறியில் இறங்கியதாக இருக்கவேண்டும். அக்காவுக்காக அப்பா தானே ஒரு கரை யோசித்து வைத்திருந்தார். இரண்டு அன்னம், நடுவில் ஒரு கொடி. அதற்கான அட்டைகள் நூற்று எண்பது. தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டுப் பெட்டியில் அந்த அட்டைகள் கயிற்றால் கோத்து ஏணிபோலத் தொங்கும். ஒவ்வொரு அட்டையிலும் உள்ள துளைகள்தான் எந்த இழை எழவேண்டும், எது படுத்திருக்கவேண்டும் என்று தறிக்குச் சொல்லும். வரிசை மாறினால் அன்னம் அன்னமாக இருக்காது. வேறு தறிக்கு டிசைன் போய்விடக்கூடாது என்று அப்பா யாரிடமும் அதைக் காட்டியதில்லை. பாதிப் புடவை இறங்கியிருந்தது.

தாண்டவராயன் போர்வையைத் தானே தூக்கினார். குனிந்து, நெய்த துணியின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். நெசவுக்காரர் வீட்டில் பெண்ணைப் பார்க்கிறார்களோ இல்லையோ, புடவையின் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். ஆனால் அவர் பார்த்த நேரம் அதிகம்.

"அட்டை எத்தினி?" என்றார்.

"நூத்தி எம்பது," என்றார் அப்பா, பெருமையாக.

"ம்." சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தார். காதில் செருகியிருந்த பென்சிலால் அதில் என்னவோ நாலு புள்ளி வைத்தார். டிக்கெட்டை மடித்து உள்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் பாகத்தில் உப்புத் துறைமுகத்து ஒற்றன் ஓலையில் புள்ளி வைத்துத்தானே கோட்டை ஜன்னல்களைக் கணக்கெடுத்தான்?

மாப்பிள்ளையோ அக்காவை ஒரே ஒருதரம் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பார்வை அவளுக்குப் பக்கத்திலிருந்த மேஜைக்குப் போயிற்று. திரும்பியது, மறுபடி போயிற்று. பிறகு மாமன் காதில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். (மேஜைமேல் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஒற்றனைக் கண்காணிப்பவன் மேஜையையா பார்ப்பான்?)

நாலாம் நாள் கார்டு வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, வருகிற ஞாயிறு அமாவாசையன்று தட்டு மாற்றிக்கொள்ளலாம். கீழே ஒரு வரி: மாமா தறியை இன்னொரு தரம் பார்க்கப் பிரியப்படுகிறார்.

அம்மா அழுதுவிட்டாள். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தாள் என்று தெரியாது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன்.

"அப்பா, அந்த ஆளு எதுக்குத் தறியப் பாக்கணும்?"

"அவரு நெசவுக்காரருடா. தறியப் பாக்காம உன்னியவா பாப்பாரு?"

எந்த அரசனும் மந்திரி சொல்லை முதலில் கேட்பதில்லை. நானே நாட்டைக் காப்பாற்றுவதென்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை, விருந்தாளிகள் வருவதற்குள் தறியைத் துடைத்து வைக்கிறேன் என்றேன். "இன்னிக்காவது ஒரு வேல செய்றானே," என்று அப்பா சந்தோஷப்பட்டு வெற்றிலை வாங்கப் போனார். அம்மாவும் அக்காவும் சமையலில் இருந்தார்கள். நான் ஜக்கார்டிலிருந்து அட்டைகளை இறக்கினேன். கோத்திருந்த கயிற்றை உருவினேன். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் அப்பா பென்சிலால் வரிசை எண் போட்டிருந்தார். மந்திரி குறியீடுகளை அழித்தார் அல்லவா? ரப்பரை எடுத்து நூற்று எண்பது எண்களையும் அழித்தேன். சுத்தமாக அழித்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பொறுப்பாகச் செய்த வேலை இன்றுவரை வேறில்லை.

பிறகு நாலு கட்டு. ஒன்று அரிசி டின்னுக்குள், ஒன்று பரண்மேல் பொங்கல் குண்டானுக்குள், ஒன்று என் படுக்கைக்கு அடியில். (அங்கே எதையும் தேட யாருக்கும் தைரியம் வராது என்பது அம்மாவின் கருத்து.) நாலாவதைச் செய்தித்தாளில் சுற்றிக் கன்னியப்பன் கடைக்கு எடுத்துப் போனேன்.

"இத வெச்சிருங்க. எங்க வீட்டு ஆளைத் தவிர யார் கேட்டாலும் குடுக்கக் கூடாது."

"இன்னாது இது?"

"கேட்காதீங்க."

கன்னியப்பன் கட்டை வாங்கி உள்ளே வைத்தார். "அந்த நாலாம் பாகம் வர்றவரிக்கும் நீ வேற எதனா படி தம்பி," என்றார்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். தாண்டவராயன், மாப்பிள்ளையின் அம்மா, தட்டோடு இரண்டு உறவுக்காரர்கள். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு வேலையிருக்கிறது, பின்னாலேயே வருகிறேன் என்று போயிருந்தார். என்ன வேலை? எனக்குத் தெரியாத வேலை என்ன இருக்க முடியும் இந்த ஊரில்? நான் வாசற்படியை அடைத்தாற்போல நின்றுகொண்டேன்.

"தட்டு மாத்தறதுக்கு மின்னால தறிய ஒரு நடை பாத்துடலாமா?" என்றார் தாண்டவராயன்.

"தாராளமா," என்று அப்பா போர்வையை உருவினார்.

ஜக்கார்டு மொட்டையாக இருந்தது. அப்பா மேலே பார்த்தார், கீழே பார்த்தார், தறிக்குள்ளே பார்த்தார்.

"அட்டை எங்கடா?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். மாப்பிள்ளை வந்தார். ஒரு கையில் பழுப்புக் காகித அட்டை போட்ட தடித்த பொருள் ஒன்று. இன்னொரு கையில், செய்தித்தாளில் சுற்றி, நான் போட்ட முடிச்சோடு, என் நாலாவது கட்டு.

அந்தக் கணத்தில் நான் சாதாரணமாகப் பேசியிருக்கலாம். 'அது எப்படி உங்ககிட்ட வந்தது' என்று கேட்டிருக்கலாம். ஆனால் மூன்று வாரமாக நான் பேச்சுத் தமிழே படிக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து, வழியை மறித்து, நான் சொன்னது இதுதான்:

"ஒற்றனே, நில். வேடம் கலைந்தது."

பிறகு நான் விவரமாக விளக்கவும் செய்தேன். பஸ் டிக்கெட்டில் வைத்த புள்ளிகள், மேஜைமேல் போன பார்வை, இவர்கள் பெண் கேட்டு வந்ததல்ல, கரை திருட வந்தது என்பதெல்லாம் கோவையாக வந்தன. மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள்.

"எய்ந்திரு தாண்டவராயா. பொண்ணு கேட்டு வந்தவங்கள திருடன்றான். தட்ட எடுங்க."

எங்கள் அம்மா கையைப் பிசைந்துகொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அப்பா தறியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது இடமும் என் வாயால் போய்க்கொண்டிருந்தது. சமையலறைக் கதவருகே அக்கா நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை மட்டும் கோபப்படாமல் கையிலிருந்த கட்டை நீட்டினார்.

"சைக்கிள் கடைல புக்கு திருப்பலாம்னு போனேன். எங்க போறீங்கன்னாரு, சொன்னேன். நீங்க அவங்க ஊட்டு மாப்ளதானே, இத்த குட்த்துடுங்கன்னாரு. இன்னான்னு எனக்குத் தெரியாதுங்க." பிறகு மற்ற கையையும் நீட்டினார். "இது உங்களுக்குத்தான். அன்னிக்கு மேஜைமேல மூணாம் பாகம் பாத்தேன். நாலாம் பாகத்துக்குக் காத்துகினு கீறது நீங்கதான்னு புரிஞ்சிது. அதான் அவருகிட்ட சொல்லிட்டு நேரா இங்க எடுத்தாந்தேன்."

பழுப்புக் காகிதத்துக்குள் நான்காம் பாகம் இருந்தது.

அதுவரை கதவருகே நின்ற அக்கா நடுக்கூடத்துக்கு வந்தாள். அவள் தன் கணவரோடு பேசிய முதல் பேச்சு இது:

"ஒன்றர மாசமா வெச்சிகினு இருந்தது நீங்களா?"

"யாரு யாருக்குச் சித்தப்பான்னு புரியலைங்க. மூணு வாட்டி படிச்சேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "மீதி மூணு கட்டு எங்க வெச்ச?" மூன்றாம் பாகத்தை அவளும் படித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாலு என்று நான் யாரிடமும் சொல்லவில்லையே. மதியம் நான் தூங்கும்போதெல்லாம் அவள் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். (என்னைச் சுற்றி மெய்யாகவே நடந்த ஒரே ரகசியம் இதுதான். அதை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.)

அரிசி டின், குண்டான், படுக்கை என்று வரிசையாகச் சொன்னேன். கட்டுகள் வந்தன. அப்பா ஒரு அட்டையை எடுத்து மூலையைப் பார்த்தார், இன்னொன்றின் மூலையைப் பார்த்தார்.

"நெம்பர அழிச்சியா?"

"ஆமாம்ப்பா. குறியீடுகளை அழிக்கவேண்டும் என்று..."

"எல்லாத்தையுமா?"

மாப்பிள்ளைக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டது. அவர் மிகவும் மெதுவாக, வகுப்பில் தோற்ற பையனிடம் பேசுவதுபோலக் கேட்டார்: "அந்த மந்திரி வரைபடத்த கிழிச்சு வெச்ச மாதிரியா? நாலாம் பாகத்துல மொத அத்தியாயத்துலயே அவரால அத்த திருப்பிச் சேர்க்க முடியாம போயி, அவங்க படையே சுரங்கத்துல மாட்டிக்கினு செத்துப்போவுதே."

நான் நான்காம் பாகத்தைப் பிரித்துப் பார்த்தேன். முதல் அத்தியாயம்தான். பக்க ஓரம் நல்ல கறுப்பு.

மாப்பிள்ளையின் அம்மா இன்னமும் நின்றுகொண்டிருந்தாள். "தாண்டவராயா, பஸ்ஸுக்கு நேரமாவுது."

ஆனால் தாண்டவராயன் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பது என்ன, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோவை கலைந்து கிடக்கும் அட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போக எந்த நெசவுக்காரனாலும் முடியாது. மானம் போனாலும் முடியாது.

"நீ போறதுன்னா போக்கா," என்றார். "இத்த சேர்க்காம நான் வரமாட்டேன். இது கொடி, இது அன்னத்துக் காலு. சம்மந்தி, நெய்ஞ்ச புடவைய இப்டி இழுங்க, வெச்சிப் பாக்கலாம்."

தம்பியை விட்டுவிட்டு அவள் எப்படிப் போவாள்? நின்றாள், பிறகு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளுக்கு அம்மா சாப்பாடு போட்டாள். சாப்பிட்டவளிடம் அக்கா ஒரு கட்டு அட்டையைக் கொடுத்து, "அத்தே, மூக்கு மாதிரி ஓட்ட எதுனா வந்தா சொல்லுங்க," என்றாள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளே, "இது மூக்கா, வாலா?" என்று என் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, அட்டைகளுக்கு நடுவிலேயே இடம் ஒதுக்கித் தட்டு மாற்றினார்கள். ஒரு மூலையில் நான் நிறுத்திவைக்கப்பட்டேன். எதையும் தொடக்கூடாது என்பது உத்தரவு.

புள்ளி வைத்த பஸ் டிக்கெட்டும் வெளியே வந்தது. தாண்டவராயன் அதை அப்பாவிடம் தனியாகக் காட்டினார். "அன்னிக்கே பாத்தேன் சம்மந்தி. கொடி திரும்புற எடத்துல ஒரு அட்டைல ஓட்ட தப்பா கீது. பொண்ணு பாக்க வந்த எடத்துல, நாலு பேருக்கு மின்னால குத்தம் சொல்லக்கூடாது. அதான் எண்ணி வெச்சிகினு போனேன். இன்னிக்கு நைசா சரி பண்ணிக் குட்த்துட்டுப் போலாம்னு."

நூற்று எண்பதில் நூற்று எழுபத்து நாலு சரியான இடத்துக்குப் போயின. ஆறு போகவில்லை. அது தெரிந்தது, புடவையின் மறுபாதி இறங்கிய பிறகு. முதல் பாதியில் அன்னங்கள் ஒன்றையொன்று பார்க்கின்றன. இரண்டாம் பாதியில் ஒவ்வொரு அன்னமும் கழுத்தைத் திருப்பி, தன் வாலையே சந்தேகத்தோடு பார்க்கிறது. அறுத்துவிட்டு, வேறு பாவு போட்டு முதலிலிருந்து நெய்கிறேன் என்றார் அப்பா. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு கண்ணமங்கலம் போனாள். இன்றைக்கும் வீட்டு விசேஷங்களில் அதை எடுத்து விரித்து, யார் புதிதாக வந்திருந்தாலும் கூப்பிட்டுக் காட்டுகிறாள். "இது என் தம்பி," என்பாள். அன்னத்தைத்தான் சொல்கிறாள்.

ஐந்தாம் பாகத்தை நான் இன்னும் படிக்கவில்லை. மாமா (ராஜவேலு எனக்கு மாமாவாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று) இரண்டு தரம் வாங்கிக் கொடுத்தார். முடிவில் துரோகி யார் என்று நான் அவரிடமும் கேட்கவில்லை. ஊகம் ஒன்று இருக்கிறது. வெளியில் சொல்லமாட்டேன்.

கல்யாணத்தன்று பந்தியில் நான் தாண்டவராயன் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. மன்னிப்புக் கேட்டேன். உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதமில்லை, சாட்சியங்கள் அப்படி அமைந்துவிட்டன என்று விளக்கினேன். அவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"அது சரி தம்பி," என்றார். "ஒரு நெசவுக்காரனுக்கு டிசைன் வேணும்னா பொண்ணு பாக்கவா வருவான்? கடைக்கிப் போயி ஒரு பொடவ வாங்கித் திருப்பிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது. சாம்பார் அந்தாண்ட தள்ளு."